பகடை ஏமாற்றுகிறதா? டைசி டன்ஜன்ஸ் ஆட்டக்காரர்கள் இரண்டாகப் பிரிந்து நிற்பதன் பின்னணி

பகடையும் சீட்டும் கலந்த மாயாஜால விளையாட்டு எதைக் கைபேசியில் இறக்கினாலும், அதைப் பற்றி இரண்டு கருத்துகள் காதில் விழும். “எல்லாம் அதிர்ஷ்டம்தான், நம் கையில் ஒன்றுமில்லை” என்பார் ஒருவர். “யோசித்து ஆடினால் எந்தப் பகடை விழுந்தாலும் வெல்லலாம்” என்பார் இன்னொருவர். இருவரும் ஒரே விளையாட்டை, ஏறக்குறைய ஒரே அளவு நேரம் ஆடியவர்களாகவும் இருப்பார்கள். ஒருவருக்கு ஆட்டம் தெரியவில்லை, மற்றவருக்குத் தெரிந்திருக்கிறது என்று இதை ஒதுக்கிவிடுவது எளிது. நான் அப்படி நினைக்கவில்லை. பகடை விளையாட்டைப் பற்றிய புகார்களைக் கூர்ந்து கேட்டால், அவற்றில் பெரும்பாலானவை எண்ணைப் பற்றியவையே இல்லை என்பது புரியும். பகடை எந்த நேரத்தில் உருள்கிறது, உருண்ட பிறகு ஆடுகிறவருக்குச் செய்ய என்ன மிச்சம் இருக்கிறது என்பதைப் பற்றியவை அவை.

இதை விளக்க ‘டைசி டன்ஜன்ஸ்’ விளையாட்டைவிடப் பொருத்தமான ஒன்று எனக்குத் தெரியவில்லை. அயர்லாந்தைச் சேர்ந்த டெர்ரி கேவனா உருவாக்கியது. ‘விவிவிவிவிவி’ (2010), ‘சூப்பர் ஹெக்ஸகன்’ (2012) ஆகிய இரண்டு விளையாட்டுகளால் பெயர் பெற்றவர் அவர். இரண்டுமே விரலின் வேகத்தைச் சோதிப்பவை. அவற்றில் அதிர்ஷ்டத்தைக் குறை சொல்ல அதிகம் இடமில்லை. தவறினால் தவறியது நம் விரல். அப்படிப்பட்டவர் 2018-ஆம் ஆண்டு, ஏழே நாளில் ஒரு நிலவறை விளையாட்டை உருவாக்கும் சவாலுக்காகப் பகடையைக் கையில் எடுத்தார். அந்த ஏழு நாள் முயற்சி வளர்ந்து, 2019 ஆகஸ்ட் 13 அன்று கணினிக்கு முழு விளையாட்டாக வந்தது. மார்லோ டாப் வரைந்த ஓவியங்கள், சிப்செல் அமைத்த துள்ளலான இசை, ஹோலி கிரமாசியோ எழுதிய வசனங்கள் ஆகியவை சேர்ந்து அதற்கு ஒரு தொலைக்காட்சிப் போட்டி நிகழ்ச்சியின் களையைக் கொடுத்தன. 2022 ஜூலையில் ஆண்ட்ராய்டுக்கும் ஐபோனுக்கும் வந்தது.

கதை சிறியது. அதிர்ஷ்ட தேவதை ஒருத்தி நடத்தும் போட்டியில் ஆறு பேர் கலந்துகொள்கிறார்கள். உள்ளே நுழைந்ததும் ஆறு பேரும் கைகால் முளைத்த பகடைகளாக மாற்றப்படுகிறார்கள். ஆறு தளங்கள் கொண்ட நிலவறையில் இறங்கி, எதிரிகளை வென்று, கடைசித் தளத்தில் ஒரு பெரிய எதிரியைச் சந்திக்க வேண்டும். வென்றால் மனம் விரும்பியது கிடைக்கும் என்பது வாக்குறுதி. எதிரிகளில் பலர் வேடிக்கையான உருவங்கள். நடுவே ஈஃபா, ஸ்காஹாக் என்று அயர்லாந்துத் தொன்மக் கதைகளின் பெண் வீரர்களும் வந்து நிற்கிறார்கள்.

ஆட்டம் இப்படி நடக்கும். உங்கள் முறை வரும்போது பகடைகள் தாமாக உருண்டு திரையின் அடியில் வந்து நிற்கும். மேலே சீட்டுகளைப் போல உங்கள் கருவிகள் விரிந்திருக்கும். ஒவ்வொரு சீட்டிலும் பகடை வைக்க ஒரு கட்டம் உண்டு. வாள் என்றால், வைத்த எண் எதுவோ அத்தனை அடி. கத்தி என்றால், 3 அல்லது அதற்குக் குறைவான எண் மட்டுமே ஏற்கும். ஆனால் ஒரே முறையில் எத்தனை தடவை வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். போர்க்கோடரி 4 வரை மட்டுமே ஏற்கும், அடி இரட்டிப்பு. வேறு சில கருவிகள் இரட்டைப்படை எண்ணைக் கேட்கும், சில ஒற்றைப்படையைக் கேட்கும். ஒரு தோசைத்திருப்பிகூட உண்டு: பகடையைத் தலைகீழாகப் புரட்டிவிடும், 1 வைத்தால் 6 ஆகிவிடும்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று ஒரு கணக்கைப் பாருங்கள். கையில் வாளும் போர்க்கோடரியும் இருக்கின்றன. 6-ம் 4-ம் விழுகின்றன. 6 வாளுக்குப் போகிறது, அடி ஆறு. 4 கோடரிக்குப் போகிறது, அடி எட்டு. அதாவது சின்ன எண் பெரிய எண்ணை மிஞ்சிவிட்டது. இரண்டு 6 விழுந்திருந்தால் நிலைமை மோசம். ஒன்று வாளுக்குப் போகும், மற்றதை வைக்க இடமில்லாமல் வீணாகும். வெறும் கத்தியை வைத்திருப்பவருக்கோ 6 என்பதே சாபம். 1-ம் 2-ம் 3-ம்தான் சோறு.

தாயக்கட்டை உருட்டிய வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. அங்கே ‘தாயம்’ என்பதே ஒன்று என்ற எண்ணின் பெயர். தாயம் விழாமல் காய் வெளியே வராது. பன்னிரண்டு போட்டுவிட்டுத் தாயத்துக்காகக் காத்திருந்த பாட்டிகளை நாம் பார்த்திருக்கிறோம். இரண்டு கட்டைகளிலும் 0, 1, 2, 3 என்று புள்ளிகள் இருந்தால், மொத்தம் பதினாறு சேர்க்கைகள். அவற்றில் இரண்டில்தான் தாயம் விழும். எட்டுக்கு ஒன்று. எட்டு முறை உருட்டியும் தாயமே விழாமல் போக வாய்ப்பு ஏறக்குறைய 34 சதவீதம். மூன்று பேர் உட்கார்ந்து ஆடினால், ஒருவராவது வெகுநேரம் வெறும் கையோடு உட்கார்ந்திருப்பார் என்பது அந்தக் கட்டையிலேயே எழுதப்பட்ட விதி. எண்ணின் மதிப்பை விதிதான் தீர்மானிக்கிறது. டைசி டன்ஜன்ஸ் செய்திருப்பது, அந்த விதியை எழுதும் உரிமையில் ஒரு பங்கை ஆடுகிறவரிடம் கொடுத்தது. எந்தக் கருவிகளைச் சேர்த்துவைப்பது என்பது உங்கள் முடிவு. எந்த எண் நல்ல எண் என்பதும் அதனால் உங்கள் முடிவாகிறது.

‘அதிர்ஷ்டத்துக்கு இதில் வேலையில்லை’ என்று சொல்கிறவர்கள் இதைத்தான் சொல்கிறார்கள். பகடை விழுந்த பிறகுதான் அவர்கள் யோசிக்கத் தொடங்குகிறார்கள். விழுந்தது ஒரு புதிர். அதை விடுவிப்பது அவர்கள் வேலை.

இதற்கு நேரெதிரான வகையும் உண்டு. நீங்கள் முதலில் முடிவெடுக்கிறீர்கள், பிறகு பகடை உருள்கிறது. குறிபார்த்துச் சுடுகிறீர்கள், ‘85 சதவீதம்’ என்று திரை சொல்கிறது, குண்டு தவறிப் போகிறது. சரியான முடிவை எடுத்தும் தண்டனை கிடைக்கிறது, அதன் பிறகு செய்ய எதுவும் இல்லை. இந்த இரண்டு வகைகளுக்கும் விளையாட்டு வடிவமைப்பாளர்கள் தனித்தனிப் பெயர்களே வைத்திருக்கிறார்கள். முடிவுக்கு முன் வரும் தற்செயலை உள்ளீட்டுத் தற்செயல் என்றும், முடிவுக்குப் பின் வருவதை வெளியீட்டுத் தற்செயல் என்றும் சொல்லலாம். முதலாவது மழையைப் பார்த்துவிட்டுக் குடையோடு கிளம்புவது. இரண்டாவது பாதி வழியில் மழையில் மாட்டுவது.

மனிதர்கள் இந்த இரண்டாவது வகையை எப்படி எதிர்கொள்கிறார்கள் என்பதற்கு ஓர் அனுபவச் சான்று உண்டு. ‘சிவிலைசேஷன்’ விளையாட்டுகளை உருவாக்கிய சிட் மையர், 2010-இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த விளையாட்டு உருவாக்குநர் மாநாட்டில் பேசும்போது அதை விவரித்தார். மூன்றுக்கு ஒன்று என்று தங்கள் படைக்குச் சாதகமாக இருக்கும் போரில் தோற்றால், சோதனைக்கு ஆடியவர்கள் கொதித்துப்போனார்கள். கணக்குப்படி நான்கில் ஒரு முறை தோற்கத்தான் வேண்டும். ஆனால் அதே ஆட்கள், ஒன்றுக்கு மூன்று என்று தங்களுக்குப் பாதகமான போரில் வென்றபோது ஒரு வார்த்தை முறையிடவில்லை. இரண்டுக்கு ஒன்று என்ற சாதகத்தில் அடுத்தடுத்து இரண்டு முறை தோற்பதையும் அவர்களால் ஏற்க முடியவில்லை. கடைசியில் முந்தைய போரின் முடிவையும் கணக்கில் சேர்த்து, ஆட்டக்காரர்களின் உணர்வுக்கு ஏற்பக் கணக்கையே வளைத்தார்கள்.

ஜப்பானிய ‘ஃபயர் எம்பளம்’ தொடர் இன்னும் ஒரு படி மேலே போனது. 2002-இல் வந்த பதிப்பு முதல் பல பதிப்புகளில், ஒரு அடி பட்டதா இல்லையா என்று தீர்மானிக்க ஓர் எண்ணுக்குப் பதில் இரண்டு எண்களை எடுத்து அவற்றின் சராசரியைப் பார்க்கிறது. விளைவு: திரையில் 90 சதவீதம் என்று தெரிந்தால், உண்மையில் அது 98 சதவீதம். ஆட்டக்காரர்கள் பொய்யை நியாயம் என்று உணர்ந்தார்கள். உண்மையான 90 சதவீதத்தை அநியாயம் என்றார்கள். இதை நான் கேலியாகச் சொல்லவில்லை. ‘பெரும்பாலும் நடக்கும்’ என்பதை ‘நடக்கும்’ என்றே நம் மனம் படிக்கிறது. இழந்ததன் வலி பெற்றதன் மகிழ்ச்சியைவிடக் கனமாக இறங்குகிறது என்று உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-லேயே எழுதிவிட்டார்கள். பகடை விளையாட்டு ஆடுகிற ஒவ்வொருவரும் அதைத் தம் உடம்பில் அறிந்தவர்.

அப்படியானால், பகடை முதலில் உருளும் டைசி டன்ஜன்ஸ் விளையாட்டில் புகாரே இருக்கக் கூடாதே? இருக்கிறது. அதற்கும் காரணம் இருக்கிறது.

ஆட்டத்தின் தொடக்கத்தில் உங்களிடம் இரண்டே பகடைகள். நிலை உயர உயரத்தான் கூடுதல் பகடைகள் வரும். இரண்டு பகடைகளும் 2 அல்லது அதற்குக் கீழே விழ வாய்ப்பு ஒன்பதில் ஒன்று. கேட்கும்போது அரிதாகத் தோன்றுகிறது. ஆனால் இருபது முறை உருட்டினால், ஒரு தடவையாவது அப்படி விழ வாய்ப்பு 90 சதவீதத்துக்கும் மேல். ஒரு நிலவறைப் பயணத்தில் இருபது முறை என்பது ஒன்றுமே இல்லை. ஆகவே ‘எனக்கு மட்டும் ஏன் இப்படி விழுகிறது’ என்ற கேள்வி ஒவ்வொரு பயணத்திலும், ஒவ்வொருவருக்கும் எழும். வாள் ஒன்றை மட்டும் நம்பி வந்தவருக்கு அந்த முறை வெறுமையாகப் போகும். கத்தியும் கோடரியும் சேர்த்து வந்தவருக்கு அதே முறை அறுவடை. இருவரும் தங்கள் அனுபவத்தை நேர்மையாகத்தான் சொல்கிறார்கள்.

தேர்வு செய்யும் சுதந்திரத்தை எதிரிகள் பறிக்கும் இடமும் உண்டு. பனி தாக்கினால் உங்கள் மிகப் பெரிய பகடை 1 ஆகிவிடும். தீப்பிடித்த பகடையைத் தொட்டால் உங்கள் உயிரில் இரண்டு குறையும். மின்னதிர்ச்சி ஏற்பட்ட கருவியை மீட்க ஒரு பகடையைச் செலவழிக்க வேண்டும். சாபம் விழுந்தால் ஒரு கருவியைப் பயன்படுத்தும் நேரத்தில் அது பாதிக்குப் பாதி வேலை செய்யாமல் போகலாம். இந்த நான்கில் முதல் மூன்றைப் பற்றி ஆட்டக்காரர்கள் பெரிதாகக் கோபப்படுவதில்லை என்பது என் கவனிப்பு. நெருப்பில் கையை விடலாமா வேண்டாமா என்பது நம் முடிவாக இருப்பதால், அது சுவையாகவே இருக்கிறது. சாபம் மட்டும் தனி. அங்கே நீங்கள் முடிவெடுத்த பிறகு, உங்களுக்குத் தெரியாத இடத்தில் ஒரு காசு சுண்டப்படுகிறது. ஆட்டம் பெரும்பாலும் உள்ளீட்டுத் தற்செயலாக ஓடிவிட்டு, இந்த இடத்தில் வெளியீட்டுத் தற்செயலாக மாறுகிறது. வசவும் சரியாக அங்கேதான் தொடங்குகிறது. அடி எத்தனை பட்டது என்று பார்த்தால் மற்றவையும் சளைத்தவை அல்ல.

ஆறு கதாபாத்திரங்களைப் பற்றியும் ஆட்டக்காரர்களுக்கு ஆறு விதமான கருத்து. காரணம் எளியது: ஒவ்வொரு பாத்திரமும் தற்செயலை வேறு வேறு இடத்தில் வைத்திருக்கிறது.

வீரன் எல்லோருக்கும் பிடித்தவன், எளிதில் புரிபவன். ஒரு முறைக்கு மூன்று மறு உருட்டல்கள் அவனுக்கு உண்டு. மூன்றையும் ஒரே பகடையின் மேல் செலவழித்து 6 வேண்டும் என்று நின்றால், மொத்தம் நான்கு உருட்டல்கள். அதில் ஒரு 6 கிடைக்க வாய்ப்பு 51.8 சதவீதம். இந்த எண்ணுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. பதினேழாம் நூற்றாண்டுப் பிரான்சில், நான்கு உருட்டலில் ஒரு 6 விழும் என்று பந்தயம் கட்டுவது லாபம் என்று சூதாடிகளுக்குத் தெரிந்திருந்தது. அதேபோல் இரண்டு பகடைகளை இருபத்து நான்கு முறை உருட்டினால் இரட்டை ஆறு விழும் என்பதும் லாபம்தானே என்று செவாலியே டி மெரே என்பவர் குழம்பினார். அது 49.1 சதவீதம்தான், நஷ்டம். அவர் கணித அறிஞர் பாஸ்கலிடம் கொண்டுபோன சூதாட்டக் கேள்விகளால்தான் 1654-இல் பாஸ்கலுக்கும் இன்னொரு கணித அறிஞரான ஃபெர்மாவுக்கும் இடையே கடிதங்கள் பறந்தன, நிகழ்தகவுக் கணிதத்துக்கு அடித்தளம் விழுந்தது. ஏறக்குறைய நான்கு நூற்றாண்டு தள்ளி, ரயிலில் உட்கார்ந்து வீரனை ஆடுகிறவர் அதே பந்தயத்தைத்தான் கட்டுகிறார். ஐம்பதைச் சற்றே தாண்டிய வாய்ப்பு என்பதால் அது நம்பிக்கையும் தருகிறது, நெஞ்சையும் படபடக்க வைக்கிறது.

இயந்திர மனிதனின் கதை வேறு. அவனுக்குப் பகடைகள் ஒரேயடியாக வருவதில்லை. ஒரு பொத்தானை அழுத்த அழுத்த, ஒவ்வொன்றாக வரும். வந்த எண்களின் கூட்டுத்தொகைக்கு ஒரு வரம்பு உண்டு. சரியாக வரம்பைத் தொட்டால் பரிசு. தாண்டினால் அந்த முறையில் மிச்சமிருக்கும் கருவிகள் அத்தனையும் முடங்கிப்போகும். வரம்பு 10, இதுவரை வந்தது 7 என்று வைத்துக்கொள்ளுங்கள். 3 விழுந்தால் பரிசு. 1, 2 விழுந்தால் தப்பித்தோம். 4, 5, 6 விழுந்தால் முடக்கம். பாதிக்குப் பாதி ஆபத்து. பொத்தானை அழுத்துவதா, இருப்பதை வைத்து நிறுத்துவதா? இது முழுக்க முழுக்க வெளியீட்டுத் தற்செயல். நான் மேலே சொன்ன விதிப்படி இதை எல்லோரும் வெறுக்க வேண்டும். ஆனால் தமக்குப் பிடித்த பாத்திரம் என்று இவனைச் சொல்பவர்கள் பலர்.

இதைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். ஐந்தாம் தளத்தில், பாதிக்குப் பாதி என்று தெரிந்தே நான் அழுத்தியதும், முடங்கியதும், அந்த முறையிலேயே தோற்றதும் நன்றாக நினைவிருக்கிறது. விளையாட்டின் மீது கோபமே வரவில்லை. அழுத்தியது என் விரல். அதற்கு முன்பே கையிலிருந்த பகடையை வாளில் வைத்துவிட்டு அழுத்தியிருந்தால் இழப்பு குறைந்திருக்கும் என்று உடனே புரிந்தது. அடுத்த பயணத்தில் அந்த வரிசையை மாற்றினேன். ஆகவே பகடை முடிவுக்குப் பின்னால் உருள்வது மட்டும் குற்றமாகாது. உருட்டச் சொன்னவர் யார் என்பதும் அதே அளவு முக்கியம். நாமே கேட்டு வாங்கிய ஆபத்து தோற்றாலும் நம்முடையதாக இருக்கிறது. சாபத்தின் காசைச் சுண்டச் சொன்னது நாம் அல்ல. அதனால்தான் அந்தக் கசப்பு.

சூனியக்காரியைப் பற்றி வரும் கருத்துகள் இரண்டு துருவங்கள். அவளிடம் கருவிகள் விரிந்து கிடப்பதில்லை. ஒரு மந்திரப் புத்தகம் இருக்கிறது; அதில் 1 முதல் 6 வரை எண்ணிட்ட இடங்கள். 3 என்ற எண்ணில் எழுதிய மந்திரத்தை எடுக்க ஒரு 3 வேண்டும். எடுத்த மந்திரத்தைப் பயன்படுத்த இன்னொரு பகடை வேண்டும். ஆக, ஒரு பகடை சாவியாகவும் இன்னொன்று கத்தியாகவும் செலவாகிறது. தொடக்கத்தில் பகடைகள் குறைவாக இருக்கும்போது இது பட்டினிபோல் இருக்கும். முதல் இரண்டு தளங்களில் இவளை வைத்துத் தோற்றவர்கள் ‘வெறும் அதிர்ஷ்டம்’ என்று விட்டுவிடுகிறார்கள். தாக்குப்பிடித்து மேலே போனவர்களோ, எந்த எண்ணில் எந்த மந்திரத்தை எழுதுவது என்ற திட்டமிடலுக்காகவே இவளிடம் திரும்பத் திரும்ப வருகிறார்கள். இரு தரப்பும் ஆடியது வேறு வேறு தளங்களில் என்பதை மறந்து ஒருவரோடு ஒருவர் வாதாடுகிறார்கள்.

திருடன் ஒவ்வொரு முறையும் எதிரியின் கருவி ஒன்றைக் கடன் வாங்குவான். அது எதுவாக இருக்கும் என்பது தற்செயல், ஆனால் அது கூடுதலாக வந்த வரவு என்பதால் யாரும் குறை சொல்வதில்லை. கோமாளியின் கருவிகள் சீட்டுக்கட்டாக அடுக்கப்பட்டிருக்கும், ஒன்று போக அடுத்தது மேலே வரும். கண்டுபிடிப்பாளர் ஒவ்வொரு சண்டைக்குப் பிறகும் தம் கருவிகளில் ஒன்றை உடைத்தே ஆக வேண்டும். ஆசையாகச் சேர்த்த கோடரியை உடைக்கச் சொல்லும் அந்த விதியைச் சிலர் கொடுமை என்கிறார்கள். என் மதிப்பீட்டில் ஆறு பேரில் மிக நுட்பமாகச் செதுக்கப்பட்டவர் அவர்தான். எந்தக் கருவியிலும் ஒட்டிக்கொள்ள விடாமல், விழும் எண்ணுக்கேற்ப மாறிக்கொண்டே இருக்கக் கற்றுத்தருகிறார்.

இன்னொரு வகை விமர்சனம் உண்டு, அதை நான் மறுக்கப் போவதில்லை. இந்த விளையாட்டுக்கு ஆழம் போதாது என்பது அது. இந்தப் பேச்சில் எப்போதும் ‘ஸ்லே தி ஸ்பயர்’ என்ற சீட்டு விளையாட்டு எதிரில் வந்து நிற்கும். பீட்டர் வேலன் 2014-இல் வெளியிட்ட ‘டிரீம் குவெஸ்ட்’, சீட்டுக்கட்டைச் சேர்த்துக்கொண்டே நிலவறையில் இறங்கும் ஆட்டத்துக்கு ஒரு வழி போட்டது. படங்கள் குழந்தை கிறுக்கியதுபோல் இருந்தும், அதை ஆடியவர்கள் விடவில்லை. ஸ்லே தி ஸ்பயர் அந்த வழியில் பெரிய கோட்டையே கட்டியது. 2019 ஜனவரியில் முழுமையாக வெளிவந்தது. டைசி டன்ஜன்ஸும் இவற்றின் உறவுக்காரர்தான். ஆனால் ஸ்லே தி ஸ்பயரில் நூற்றுக்கணக்கான சீட்டுகள் ஒன்றோடொன்று பின்னிப் பிணையும், நூறு மணி நேரம் கழித்தும் புதிய சேர்க்கை ஒன்று கண்ணில் படும். டைசி டன்ஜன்ஸில் ஒரு பயணம் அரை மணியில் முடிந்துவிடும். கையில் வைத்துக்கொள்ளும் கருவிகள் சில மட்டுமே. பெரிய சீட்டுக்கட்டைக் கட்டி எழுப்பும் ஆசையோடு வந்தவருக்குச் சாப்பாட்டுக்கு நடுவில் இலையை எடுத்ததுபோல் இருக்கும்.

அதற்கு ஈடாகக் கேவனா வைத்திருப்பது அத்தியாயங்கள். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் பல. ஒவ்வொன்றிலும் விதி ஏதாவது மாறும். பழகிய கருவிகளெல்லாம் வேறு வேலை செய்யும் ஓர் இணை உலக அத்தியாயமும் உண்டு. அங்கே போனதும் பலர் திணறுகிறார்கள். ஆழத்துக்குப் பதில் அகலம் என்று இதைச் சொல்லலாம். பஸ் நிறுத்தத்தில் நிற்கும் நேரத்துக்கு ஒரு சண்டை, வீடு போகும் வழிக்கு ஒரு தளம் என்று ஆடுகிற கைபேசிக்காரருக்கு இந்த அகலம் பொருந்துகிறது. கணினிமுன் இரண்டு மணி நேரம் உட்காருகிறவருக்கு அது போதாமல் போகிறது. ஒரே விளையாட்டுக்குக் கைபேசியிலும் கணினியிலும் இரண்டு விதமான பெயர் கிடைப்பதில் வியப்பில்லை.

பகடையும் சீட்டும் கலந்து கைபேசியில் பெரும் கூட்டத்தை எட்டிய இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். ‘கென்ஷின் இம்பாக்ட்’ விளையாட்டுக்குள் 2022 டிசம்பரில் சேர்க்கப்பட்ட ‘ஜீனியஸ் இன்வொகேஷன்’ சீட்டாட்டம். மூன்று பாத்திரச் சீட்டுகள், முப்பது செயல் சீட்டுகள், ஒவ்வொரு சுற்றுக்கும் எட்டுப் பகடைகள். பகடையின் எட்டு முகங்களில் ஏழு, நெருப்பு, நீர், காற்று, மின்னல், செடிகொடி, பனி, பாறை ஆகிய ஏழு தனிமங்கள். எட்டாவது எதற்கும் பொருந்தும் பொது முகம். ஒரு பாத்திரத்தின் தனிமத் திறனுக்குப் பொதுவாக அதே தனிமத்தில் மூன்று பகடைகள் தேவை.

இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நமக்கு வேண்டிய தனிமமோ பொது முகமோ விழ ஒரு பகடைக்கு வாய்ப்பு நான்கில் ஒன்று. எட்டில் இரண்டு தேறும். ஒரு மறு உருட்டல் உண்டு. மற்ற ஆறையும் மீண்டும் உருட்டினால் சராசரியாக ஒன்றரை கூடும். மொத்தம் மூன்றரை. தேவை மூன்று. இழுத்துப் பிடித்தால் போதும் என்ற அளவில் வைத்திருக்கிறார்கள். ஆனால் சராசரி வேறு, ஒரு குறிப்பிட்ட சுற்று வேறு. மறு உருட்டலுக்குப் பிறகும் மூன்று தேறாமல் போக வாய்ப்பு 24 சதவீதம், அதாவது ஏறக்குறைய நான்கு சுற்றுக்கு ஒன்று. மூன்று பாத்திரங்களையும் மூன்று வேறு தனிமங்களில் வைத்து ஆடத் தொடங்கும் புதியவருக்கு அந்தச் சுற்று அடிக்கடி வந்து விழுகிறது. பகடையைத் திட்டிவிட்டுப் போகிறார். பழகியவர் அந்த நேரத்தில் கையிலிருக்கும் பயனற்ற சீட்டு ஒன்றைக் கழித்து, ஒரு பகடையைத் தமக்கு வேண்டிய தனிமத்துக்கு மாற்றிக்கொள்கிறார். சீட்டுக்கு எழுதிய பலன் ஒன்று. அதை எரித்துப் பகடையைத் திருத்துவது இன்னொன்று. எந்தச் சீட்டும் முழுக்க வீணில்லை என்ற இந்த ஏற்பாடுதான் அந்த ஆட்டத்தைக் காப்பாற்றுகிறது.

அந்தச் சீட்டாட்டத்தைப் பற்றிப் பேசும்போது ஆட்டக்காரர்கள் தவறாமல் குறிப்பிடும் இன்னொரு செய்தி, அதன் சீட்டுகளைப் பணம் கொடுத்துக் குலுக்கலில் எடுக்க வேண்டியதில்லை என்பது. ஆடி, சம்பாதித்த காசில் வாங்கலாம். பாத்திரங்களைக் குலுக்கலில் விற்று வளர்ந்த ஒரு விளையாட்டுக்குள் இப்படி ஒரு மூலை இருப்பது அவர்களுக்கு இதமாக இருக்கிறது.

பகடை விளையாட்டுகளில் பணம் எங்கே நுழைகிறது என்பது, அதைப் பற்றிய கருத்துகளை வேறு எதையும்விட அதிகமாக மாற்றுகிறது. ‘மோனோபோலி கோ’ போன்ற விளையாட்டுகளில் உருட்டும் வாய்ப்பே சரக்கு. தீர்ந்தால் காத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் வாங்க வேண்டும். அங்கே ஒரு மோசமான எண் விழும்போது, ‘இது தானாக விழுந்ததா, விழவைக்கப்பட்டதா’ என்ற சந்தேகம் எழுவது இயல்பு. அந்தச் சந்தேகம் சரியாக இல்லாமல் போகலாம். ஆனால் எண் மோசமாக விழுந்தால் யாருக்கோ வருமானம் என்ற அமைப்பில், சந்தேகப்படாதே என்று ஆட்டக்காரரிடம் கேட்க எந்த நியாயமும் இல்லை. டைசி டன்ஜன்ஸ் ஒரே ஒரு முறை விலை கொடுத்து வாங்குவது. 2022-இல் வந்த ‘ரீயூனியன்’ என்ற கூடுதல் பகுதியையும் இலவசமாகவே கொடுத்தார்கள். நீங்கள் தோற்பதால் அங்கே யாருக்கும் எதுவும் கிடைக்காது. அதை ஆடுகிறவர்கள் ‘அதிர்ஷ்டம் மோசம்’ என்று சொல்வார்கள், ‘ஏமாற்றுகிறார்கள்’ என்று சொல்வது அரிது. இரண்டு வாக்கியங்களுக்கும் இடையே உள்ள தூரம் மிகப் பெரியது.

‘ஸ்லைஸ் அண்ட் டைஸ்’ விளையாட்டுக்குக் கிடைக்கும் பாராட்டையும் இதே கண்ணோடு பார்க்கலாம். ஐந்து வீரர்கள், ஒவ்வொருவருக்கும் ஒரு பகடை. எதிரிகளின் பகடை முதலில் உருண்டுவிடும். யாருக்கு எவ்வளவு அடி வரப்போகிறது என்பது முன்பே தெரியும். பிறகு நீங்கள் உருட்டுகிறீர்கள், பிடித்ததை வைத்துக்கொண்டு மற்றதை இரண்டு முறை வரை மறுபடி உருட்டலாம். எல்லாப் பகடையும் நின்ற பிறகு ஒரு நகர்வைச் செய்து பார்த்து, பிடிக்கவில்லை என்றால் திரும்ப எடுக்கவும் முடியும். தற்செயல் முழுவதையும் ஆட்டத்தின் முன்பாதியில் கொட்டிவிட்டு, பின்பாதியைச் சதுரங்கம்போல் அமைதியாக விட்டுவைக்கிறது. அதை ஆடியவர்கள் பகடையைப் பற்றிப் பேசுவதைவிட, தாங்கள் எடுத்த முடிவைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறார்கள்.

டைசி டன்ஜன்ஸின் கதையிலேயே இந்த விவாதம் முழுவதும் இருக்கிறது என்பதைப் பலர் கவனிக்காமல் கடந்துபோகிறார்கள். ஆறு தளங்களையும் தாண்டி, பெரிய எதிரியையும் வென்ற பிறகு, போட்டியாளர் ஓர் அதிர்ஷ்டச் சக்கரத்தின் முன் நிறுத்தப்படுகிறார். சக்கரத்தில் அவர் விரும்பிய பரிசும் இருக்கிறது. சக்கரம் சுற்றுகிறது, ஒன்றுக்கும் உதவாத எதையோ காட்டி நிற்கிறது. அடுத்த அத்தியாயத்தில் மறுபடியும் அதேதான். சில முறைக்குப் பிறகு ஆட்டக்காரருக்குப் புரிந்துவிடுகிறது: நிலவறைக்குள் உருண்ட பகடைகள் நேர்மையானவை, மேடையில் சுற்றும் சக்கரம் நேர்மையற்றது. பகடை விழுந்த ஒவ்வொரு முறையும் அவருக்குச் செய்ய ஏதோ ஒன்று இருந்தது. சக்கரத்தின் முன்னால் நின்று பார்ப்பதைத் தவிர வேறெதுவும் இல்லை. போட்டியாளர்களின் கோபமும் கடைசியில் அந்தச் சக்கரத்தைச் சுற்றுகிறவள் மீதுதான் திரும்புகிறது.